சுழலும் நாற்காலியில் சுற்றும்போது டம்பெல்லைக் கைவிட்டால், நிலைமத் திருப்புத்திறன் (சுழற்சி மாறுவதை எதிர்க்கும் அளவு) குறைந்து வேகம் கூடுமா?

கூடாது. கையை மடக்கினால் கூடும், விட்டுவிட்டால் அதே வேகம்தான். நீங்கள் பதினொன்றாம் வகுப்பு என்று நினைக்கிறேன். "நிலைமத் திருப்புத்திறன் குறைந்தால் கோணத் திசைவேகம் கூடும்" என்று படித்திருப்பீர்கள், அதாவது சுற்றும் வேகம். தப்பு உங்கள் மேல் இல்லை. எதையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் கோண உந்தம் (நிலைமத் திருப்புத்திறன் × சுற்றும் வேகம்) மாறாது என்பதைச் சொல்லாமல் அந்த ஒரு வரியை மட்டும் கட்டம் கட்டிப் போடும் கைடுகள் மேல்தான் எனக்குக் கோபம். நியூட்டன் விதியைக்கூட இப்படித்தான் பாதியாக்கி விற்கிறார்கள்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். உடலும் நாற்காலியும் சேர்ந்த நிலைமத் திருப்புத்திறன் 2 கிகி மீ² என்று வையுங்கள். கைக்கு ஒரு 2 கிலோ டம்பெல், அச்சிலிருந்து 0.8 மீட்டரில்: நிறையைத் தூரத்தின் வர்க்கத்தால் பெருக்கினால் இரண்டுக்கும் 2.56, மொத்தம் 4.56. வேகம் நிமிடத்துக்கு 30 சுற்று. 0.2 மீட்டருக்கு மடக்கினால் டம்பெல்லின் பங்கு 0.16, மொத்தம் 2.16. கோண உந்தம் மாறாததால் வேகம் சுமார் 63 சுற்று. கையின் எடை எங்கே என்று கேட்பவர்களுக்கு: அதையும் சேர்த்தால் வேகம் இன்னும் ஏறும், இறங்காது. இயக்க ஆற்றலும் 22.5 ஜூலிலிருந்து 47.5 ஆகிறது. கூடுதல் 25 ஜூல் உங்கள் தசை செய்த வேலை. மடக்கும்போது கை வெளியே இழுபடுகிறதே, அதை எதிர்த்துச் செய்தது.

இப்போது விடுங்கள். டம்பெல் தன் பங்குக் கோண உந்தத்தை எடுத்துக்கொண்டு தொடுகோட்டில் நொடிக்கு 2.5 மீட்டர் வேகத்தில் போகும். போகும்போது உங்கள் மேல் எந்தத் திருப்பு விசையும் (சுழற்சியை மாற்றும் விசை) இல்லை. நிலைமத் திருப்புத்திறனும் குறைந்தது, உங்களிடம் உள்ள கோண உந்தமும் அதே விகிதத்தில் குறைந்தது. அதனால் அதே 30 சுற்று.

கயிற்றில் கட்டி விட்டால் கதையே வேறு. 2007-இல் நாசா ஏவிய டான் விண்கலத்தில், சுழற்சியைக் குறைக்க, மொத்தம் சுமார் 3 கிலோ எடைகளை 12 மீட்டர் வடங்களில் சுற்றி வைத்திருந்தார்கள். வடம் பிரியும்போது விளிம்பை எதிர்ப்பக்கமாக இழுத்ததால், நிமிடத்துக்கு 46 சுற்றில் இருந்த கலம் எதிர்த்திசையில் வெறும் 3 சுற்றுக்கு வந்தது.

செய்து பார்ப்பதானால் டம்பெல் வேண்டாம், மணல் பை போதும். சக்கரம் வைத்த ஆபீஸ் நாற்காலி உருண்டு ஓடும், அச்சும் ஆடும். அடி நிலையாக நிற்பது வேண்டும். இரண்டு கையில் உள்ள பைகளையும் ஒரே நேரத்தில் விடுங்கள், ஒன்றை மட்டும் விட்டால் நாற்காலி சாயும். சுற்றிலும் 3 மீட்டருக்கு யாரும் நிற்கக்கூடாது. போனில் வீடியோ எடுத்து, விடுவதற்கு முந்தைய ஒரு சுற்றையும் அடுத்த ஒரு சுற்றையும் மட்டும் ஒப்பிடுங்கள். அதற்கு மேல் போனால் பேரிங் உராய்வு கணக்கைக் கெடுத்துவிடும்.