குழந்தை ஒஹாயோவில், அப்பா டெக்சஸில்: கேஸ் எங்கே போடுவது?

தம்பி, உங்கள் நிலைமை நான் புரிந்துகொண்டபடி இதுதான். எச்-1பி வேலை விசாவில் டெக்சஸின் டல்லாஸில் வேலை. சேர்ந்து வாழ்ந்த பெண் கர்ப்பமாக இருக்கும்போதே பிரிந்து, ஒஹாயோவின் கொலம்பஸில் இருக்கும் தன் அக்கா வீட்டுக்குப் போய்விட்டார். மகளுக்கு இப்போது பத்து மாதம். கல்யாணம் ஆகவில்லை, பிறப்புச் சான்றிதழில் உங்கள் பெயரும் இல்லை. டெக்சஸிலேயே கேஸ் போட்டு கஸ்டடி (குழந்தையை வைத்து வளர்க்கும் உரிமை) கேட்கலாமா என்கிறீர்கள்.

முடியாது. நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்பதை இங்கே யாரும் பார்ப்பதில்லை. குழந்தை கடைசி 6 மாதம் தொடர்ந்து வாழ்ந்த மாநிலத்துக்குத்தான் வழக்கை விசாரிக்க முதல் உரிமை. ஒஹாயோ, டெக்சஸ் இரண்டிலும் இதே சட்டம்தான். உங்கள் மகள் டல்லாஸில் வளர்ந்து, பிறகு அழைத்துப் போகப்பட்டிருந்தால் கதை வேறு. குழந்தை அங்கிருந்து கிளம்பியதிலிருந்து 6 மாதத்துக்குள் நீங்கள் டெக்சஸில் மனு போட்டிருக்கலாம். பிறந்ததே கொலம்பஸில் என்பதால் அந்த வழி இல்லை.

அதைவிட முக்கியமான விஷயம், சட்டத்தின் கண்ணில் நீங்கள் இன்னும் அப்பாவே இல்லை. ஒஹாயோவில் கல்யாணமாகாத தாய்க்குப் பிறந்த குழந்தையின் கஸ்டடி, கோர்ட் உத்தரவு வரும்வரை தாய்க்கு மட்டும்தான். அதனால் முதலில் தந்தைமையை நிலைநாட்டுங்கள். தாய் சம்மதித்தால் இருவரும் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போட்டால் போதும். மறுத்தால் அந்த கவுன்டியின் (மாவட்டம் மாதிரி) சைல்ட் சப்போர்ட், அதாவது குழந்தைப் பராமரிப்புத் தொகை அலுவலகத்திடம் டிஎன்ஏ பரிசோதனை கேளுங்கள். கன்னத்தின் உள்பக்கம் ஒரு பஞ்சுக் குச்சியால் தேய்த்து எடுப்பார்கள், அவ்வளவுதான். இதோடு மாதாமாதம் பணம் கட்டும் உத்தரவும் வரும். அதற்குப் பயந்து தள்ளிப் போடாதீர்கள். இப்போதே ஏதாவது அனுப்பிக்கொண்டிருந்தால் ரொக்கமாகக் கொடுக்காமல் வங்கி வழியாகவே அனுப்புங்கள், ரெக்கார்டு இருக்கும். "குழந்தையைக் காட்டவில்லை, அதனால் பணம் தர மாட்டேன்" என்ற வாதம் இங்கே எடுபடாது. இரண்டும் தனித்தனி.

தந்தைமை உறுதியானாலும் கஸ்டடி தானாக வந்துவிடாது. அதற்கு அந்த ஊர் ஜுவனைல் கோர்ட்டில், அதாவது சிறார் நீதிமன்றத்தில், தனியாக மனு போட வேண்டும். (பெயரைக் கேட்டு மிரள வேண்டாம், கல்யாணமாகாத பெற்றோரின் வழக்குகளை அங்கே அதுதான் விசாரிக்கும்.) வக்கீலும் ஒஹாயோவில் லைசென்ஸ் உள்ளவராக இருக்க வேண்டும்.

என் அபிப்பிராயம், முழு கஸ்டடி கேட்டு ஆரம்பிக்காதீர்கள். பத்து மாதக் குழந்தையை இதுவரை வளர்த்தவரிடமிருந்து பிரித்து ஆயிரம் மைல் தள்ளி அனுப்ப எந்த நீதிபதியும் லேசில் சம்மதிக்க மாட்டார். எனக்குத் தெரிந்த ஒருவரின் விசாரணைக்குத் துணையாகப் போயிருந்தேன். அவர் சம்பளம், வீட்டில் எத்தனை அறை என்றெல்லாம் தயார் செய்து வந்திருந்தார். கேட்கப்பட்ட முதல் கேள்வி, குழந்தையின் டாக்டர் பெயர் என்ன? மனிதருக்குத் தெரியவில்லை. அங்கிருந்தே வழக்கு ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. அதனால் வாரத்தில் குறிப்பிட்ட நேரத்தில் வீடியோ கால், கொலம்பஸ் போய்ப் பார்க்கும் நாட்கள், வளர வளரக் கோடை விடுமுறையில் டல்லாஸில் தங்குவது என்று படிப்படியாகக் கேளுங்கள்.

அப்புறம், இந்தியாவில் இருக்கும் உங்கள் அம்மா "பிள்ளையை இங்கே கொண்டு வந்துவிடு, நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று சொல்வதாக எழுதியிருந்தீர்கள். பாட்டியின் ஆசை புரிகிறது. ஆனால் தாய்க்குத் தெரியாமல் அப்படிச் செய்தால் அது அமெரிக்காவில் ஃபெடரல் குற்றம். வேறு நாட்டுக்குக் கொண்டுபோன குழந்தையைத் திருப்பி அனுப்ப வைக்கும் ஹேக் ஒப்பந்தத்தில் இந்தியா சேரவில்லை, அதனால் அங்கே போன குழந்தையை மீட்பது கஷ்டம் என்பது அங்கே இருக்கும் வக்கீல்களுக்கு நன்றாகவே தெரியும். வாட்ஸ்அப்பில் விளையாட்டாக அப்படி ஒரு வரி எழுதியிருந்தால்கூட அதைப் பிரின்ட் எடுத்து நீட்டி, தாய் இல்லாமல் உங்களைக் குழந்தையோடு தனியே விடக்கூடாது என்று கேட்பார்கள். அம்மாவிடம் இதை போனில் பேசுங்கள், எழுத்தில் வேண்டாம்.