‘எனக்குத் தெரியாது’ எந்த செக்குக்குச் செல்லும்?

கேள்வி: என் கணவரின் அண்ணன் நடத்தும் பிரைவேட் லிமிடெட் கம்பெனியில், டைரக்டர் இரண்டு பேர் வேண்டும் என்று 2019-ல் என் பெயரையும் சேர்த்தார்கள். நான் வீட்டைப் பார்த்துக்கொள்பவள், ஆபீஸ் பக்கம் போனதே இல்லை. பேங்கிலிருந்து என் போனுக்கு ஓடிபி வந்தால் அந்த மூத்தவருக்கு அனுப்புவேன், அவ்வளவுதான். வெளியூர் போகும் நேரத்தில் உதவும் என்று ஐந்து செக்கில் வெறும் கையெழுத்து மட்டும் வாங்கி வைத்துக்கொண்டார். இப்போது சரக்கு கொடுத்த பார்ட்டி கம்பெனிக்கும் அவருக்கும் எனக்கும் வக்கீல் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறார். பணம் இல்லை என்று இரண்டு செக் திரும்பிவிட்டதாம். 12 லட்சம் செக்கில் என் கையெழுத்து, 8 லட்சம் செக்கில் அவர் கையெழுத்து. என் நகையை அடகு வைத்த பணத்தில் 3 லட்சத்தை அதே பார்ட்டிக்கு அனுப்பிவிட்டு, நகையை மீட்டுத் தரவில்லை. கேட்டால் மாமியார் என்னைத் திட்டுகிறார். கம்பெனியை திவாலாக்கிவிட்டால் கேஸ் நிற்காது என்கிறார் மூத்தவர். முன்தேதி போட்டு ராஜினாமா கடிதம் கொடுக்கலாம் என்கிறார் ஆடிட்டர். செக் தொலைந்துவிட்டது என்று போலீஸில் புகார் கொடுக்கலாமா? எதுவும் தெரியாத நான் எப்படிக் குற்றவாளி ஆவேன்? நோட்டீஸ் கைக்கு வந்து எட்டு நாள் ஆகிறது.

பதில்: நகை, மாமியார், அண்ணன் செய்த துரோகம் எதுவும் இந்த வழக்கில் உங்களைக் காப்பாற்றாது. நகைக்கு அவர் மேல் தனியாகத்தான் வழக்குப் போட வேண்டும். செக் கேஸை விசாரிக்கும் மாஜிஸ்திரேட் அதைக் கேட்கவே மாட்டார். உங்கள் கடிதத்தில் சட்டத்துக்கு வேண்டியது ஒன்றே ஒன்று: எந்த செக்கில் யார் கையெழுத்து?

‘தெரியாது’ என்பதற்கு எல்லாக் குற்றத்திலும் ஒரே மதிப்பு கிடையாது. திருட்டுப் பொருளை வாங்கியதாக வழக்கு என்றால், அது திருட்டுப் பொருள் என்று வாங்கியவருக்குத் தெரியும், அல்லது அப்படி நம்பக் காரணம் இருந்தது என்று அரசுத் தரப்பு காட்டியாக வேண்டும். பாரதிய நியாய சன்ஹிதாவின் 317-வது பிரிவு அப்படித்தான் இருக்கிறது. செக் சட்டம் இதற்கு நேர் எதிர். மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 140-வது பிரிவை ஒருமுறை படித்துப் பாருங்கள். செக் கொடுத்தபோது அது திரும்பும் என்று நினைக்கக் காரணமே இல்லை என்பது தற்காப்பு ஆகாது என்று அது வெளிப்படையாகச் சொல்கிறது.

எனவே 12 லட்சம் செக்கில் ‘தெரியாது’ உங்களுக்கு உதவாது. கம்பெனி செக்காக இருந்தாலும் கையெழுத்துப் போட்டவர் பொறுப்பாளிதான் என்று 2005-ல் எஸ்.எம்.எஸ். ஃபார்மசூட்டிக்கல்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தொகையையும் பெயரையும் நீங்கள் எழுதவில்லை என்பதும் நிற்காது. கையெழுத்துப் போட்டு விரும்பிக் கொடுத்த வெற்றுச் செக்கை இன்னொருவர் நிரப்பியிருந்தாலும், அது கடனுக்காகத்தான் என்ற அனுமானம் எழும் என்று 2019-ல் பீர் சிங் வழக்கில் தீர்ப்பு வந்திருக்கிறது. அதை முறியடிக்கலாம், ஆனால் அதற்கு ஆதாரம் வேண்டும். விவரம் தெரியாமல் போட்டேன் என்று அழுவது ஆதாரம் இல்லை.

8 லட்சம் செக்கின் கதை வேறு. அதில் உங்கள் கையெழுத்து இல்லை. டைரக்டர் என்பதற்காக மட்டும் உங்களை உள்ளே இழுக்க முடியாது. குற்றம் நடந்தபோது கம்பெனி நடவடிக்கைகளுக்கு நீங்கள் பொறுப்பில் இருந்தீர்கள் என்று பார்ட்டி தன் புகாரில் தெளிவாகச் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டால் பந்து உங்கள் பக்கம் வந்துவிடும். உங்களுக்குத் தெரியாமல் நடந்தது, அல்லது தடுக்க வேண்டிய கவனம் முழுவதையும் எடுத்தீர்கள் என்று நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். 141-வது பிரிவில் அந்த விலக்கு இருக்கிறது. ‘தெரியாது’ என்ற சொல்லுக்கு இந்தச் சட்டத்தில் உள்ள இடம் இவ்வளவுதான்.

இனி நான் கவலைப்படும் விஷயத்துக்கு வருகிறேன். இந்த விலக்கை நம்பி வரும் கட்சிக்காரர்கள் பெரும்பாலும் பதில் நோட்டீஸிலேயே கேஸைக் கெடுத்துக்கொள்கிறார்கள். முதல் பத்தியில் ‘கம்பெனியில் என்ன நடக்கிறது என்றே எனக்குத் தெரியாது’ என்று இருக்கும். மூன்றாவது பத்தியில் ‘இந்த செக் செக்யூரிட்டிக்காகக் கொடுத்தது, சரக்கும் தரமில்லை’ என்று இருக்கும். செக்யூரிட்டிக்குக் கொடுத்தது என்று தெரிந்தவருக்குக் கடன் இருந்ததும் தெரியும். சரக்கு தரமில்லை என்று தெரிந்தவருக்கு வியாபாரமும் தெரியும். எதிர்த்தரப்பு வக்கீல் இந்த இரண்டு வரிகளையும் அடிக்கோடிட்டு வைத்துக்கொண்டு கூண்டில் உங்களுக்காகக் காத்திருப்பார். எனவே இரண்டு செக்குக்கும் ஒரே வாதத்தைப் போடாதீர்கள், இரண்டு வாதங்களை ஒன்றாகக் குழைக்கவும் வேண்டாம்.

அடுத்தது ஓடிபி. நீங்கள் போகிற போக்கில் எழுதிய வரி, எனக்கு உங்கள் கடிதத்திலேயே கனமான வரி. ஓடிபி உங்கள் போனுக்கு வருகிறது என்றால் கம்பெனி அக்கவுண்டோடு இணைத்திருப்பது உங்கள் எண். குறுக்கு விசாரணை எப்படிப் போகும் என்று கேளுங்கள். “இந்த மொபைல் எண் உங்களுடையதா?” ஆமாம். “இந்த அக்கவுண்டில் பணம் போனாலும் வந்தாலும் இந்த எண்ணுக்கு மெசேஜ் வருமா?” வரும். “செக் போட்ட வாரத்தில் அக்கவுண்டில் எவ்வளவு இருந்தது என்று உங்கள் போனிலேயே இருந்ததா?” இதற்கு என்ன சொல்வீர்கள்? பார்க்கவில்லை என்பீர்கள். பார்க்காததும் தெரியாததும் ஒன்றல்ல. கையில் வந்த தகவலைப் பார்க்காமல் விட்டவர், முழுக் கவனம் எடுத்தேன் என்றும் சொல்ல முடியாது. அந்த மெசேஜ்களை இப்போது அழித்துவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பேங்கில் பதிவு இருக்கும், அழித்தது மட்டும் உங்கள் மேல் விழும்.

இன்னும் மூன்று காகிதங்களைத் தேடிப் பாருங்கள். ஒன்று, பேங்கில் கையெழுத்து அதிகாரம் கொடுத்த போர்டு தீர்மானம். அப்புறம், ஒவ்வொரு வருட பேலன்ஸ் ஷீட்டிலும் டைரக்டர் என்று கையெழுத்துப் போட்டது நீங்களா என்று பாருங்கள். கம்பெனியிலிருந்து சம்பளம் என்று உங்கள் பெயரில் ஏதாவது வந்ததா என்பதையும் பாருங்கள். வருடா வருடம் கணக்கில் கையெழுத்துப் போட்டுவிட்டு ‘பெயருக்குத்தான் டைரக்டர்’ என்று சொல்வது மிகவும் கஷ்டம். கம்பெனிக்குள் யார் எதைப் பார்த்தார்கள் என்பது உள்ளே இருப்பவருக்குத்தான் தெரியும், வெளியே இருக்கும் கடன்காரர் அதைத் தெரிந்து எழுத வேண்டியதில்லை என்று 2022-ல் எஸ்.பி. மணி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆரம்பத்திலேயே வழக்கை ரத்து செய்ய உயர் நீதிமன்றம் போகலாம் என்று உங்களுக்கு ஆசை காட்டுவார்கள். மறுக்க முடியாத ஆவணம் கையில் இல்லாமல் போனால், ஃபீஸ் கொடுத்துவிட்டுத் திரும்பி வருவீர்கள்.

உங்களுக்குச் சொல்லப்பட்ட யோசனைகளை வேகமாக முடித்துவிடுகிறேன். செக் தொலைந்தது என்று போலீஸில் கொடுத்தால் அது பொய்ப் புகார், இன்னொரு குற்றம். கொடுத்ததை நீங்களே எனக்கு எழுதியிருக்கிறீர்களே! முன்தேதி ராஜினாமா அதைவிட மோசம். ராஜினாமா கம்பெனிக்குக் கிடைத்த நாள், அல்லது கடிதத்தில் குறித்த நாள், இதில் எது பிந்தியதோ அன்றுதான் அமலுக்கு வரும். பதவியில் இருந்த காலத்துக் குற்றத்துக்குப் பொறுப்பு அதன் பிறகும் தொடரும் என்று கம்பெனிச் சட்டத்தின் 168-வது பிரிவே சொல்கிறது. இல்லாத தேதியை எழுதி நீங்கள் தயாரிப்பது போலி ஆவணம். ஆடிட்டருக்கு வலிக்காது, உங்களுக்கு வலிக்கும்.

திவால் யோசனையைக் கொஞ்சம் நின்று கவனியுங்கள். திவால் சட்டத்தில் தடையுத்தரவு வந்தால் கம்பெனி மேல் செக் கேஸ் நிற்கும் என்பது உண்மைதான். ஆனால் டைரக்டர்கள் மேலும் கையெழுத்துப் போட்டவர்கள் மேலும் கேஸ் தொடரும் என்று 2021-ல் பி. மோகன்ராஜ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்த்துவிட்டது. அதாவது அவர் யோசனை நிறைவேறினால், அந்த 12 லட்சம் செக்குக்குக் கூண்டில் கையெழுத்துக்காரராக மிஞ்சப்போவது நீங்கள். இது அவருக்குத் தெரிந்துதான் சொல்கிறாரா என்று நான் ஊகிக்க விரும்பவில்லை. நீங்கள் தெரிந்துகொண்டால் போதும்.

உங்கள் கடிதத்தில் நல்லதும் ஒன்று இருக்கிறது, அதை நீங்கள் புலம்பலாக எழுதிவிட்டீர்கள். அந்த 3 லட்சம். செக் கொடுத்த பிறகு, அதை பேங்கில் போடுவதற்கு முன், அதே கடனுக்காக அந்தப் பணம் போயிருந்து, அதைக் கழித்துச் செக்கில் எழுதாமல் முழுத் தொகைக்கே போட்டிருந்தால், அந்த செக் உண்மையான கடனைக் காட்டவில்லை என்று வாதாடலாம். 2022-ல் தஷரத்பாய் படேல் வழக்கில் இந்த அடிப்படையில் குற்றம் சாட்டப்பட்டவர் விடுதலையானது சரி என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 3 லட்சம் எந்த செக்கின் கணக்கில் போனது, எந்தத் தேதியில் போனது என்று பேங்க் ஸ்டேட்மென்டை எடுத்துப் பார்க்க வேண்டும். பதிலில் எழுதும்போது ‘நோட்டீஸ் வந்த பிறகு ஸ்டேட்மென்ட் வாங்கிப் பார்த்ததில் தெரிந்தது’ என்று உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். முன்பே தெரிந்தது என்றால் அதையும் மறைக்காதீர்கள். நகையைக் கொடுத்தபோதே பணம் எங்கே போகிறது என்று உங்களிடம் சொல்லியிருந்தால், 8 லட்சம் செக்குக்கான ‘தெரியாது’ அந்த இடத்திலேயே ஆட்டம் காணும்.

இதையெல்லாம் சொன்ன பிறகும் என் அபிப்பிராயம்: சமரசம் பண்ணுங்கள். நோட்டீஸ் கிடைத்ததிலிருந்து 15 நாளுக்குள் பணம் போய்விட்டால் குற்றமே உருவாகாது. உங்களுக்கு இன்னும் ஏழு நாள் இருக்கிறது. அதைக் குடும்பப் பஞ்சாயத்தில் கரைக்காதீர்கள். வழக்கு வந்த பிறகும் செக் சட்டத்தின் 147-வது பிரிவில் சமரசம் உண்டு, ஆனால் அதற்குள் சம்மன், ஜாமீன், வாய்தா என்று அலைந்திருப்பீர்கள். தோற்றால் இரண்டு வருடம் வரை சிறை, அல்லது செக் தொகையைப் போல இரண்டு மடங்கு வரை அபராதம், அல்லது இரண்டும். 12 லட்சம் செக்கில் வெறும் ‘தெரியாது’ என்பதை நம்பி உங்களை அங்கே அனுப்ப எனக்கு மனம் வரவில்லை.

சமரசத்திலும் ஒரு குழி இருக்கிறது. தவணைக்காக உங்கள் சொந்த அக்கவுண்ட் செக்கைக் கேட்பார்கள். கொடுக்காதீர்கள். 2021-ல் ஜிம்பெக்ஸ் வழக்கில் வந்த தீர்ப்புப்படி, சமரசத்தில் கொடுத்த செக் திரும்பினால் அது புதுக் குற்றம். அப்போது கம்பெனி என்ற திரைகூட நடுவில் இருக்காது. கம்பெனி அக்கவுண்டிலிருந்தோ மூத்தவரிடமிருந்தோ நேரடியாகப் பணம் போகட்டும். நீங்கள் ஏதாவது போட நேர்ந்தால், அதைக் கம்பெனிக்குக் கொடுத்த கடன் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டு செக்குக்கும் சேர்த்து ஒரே ஒப்பந்தம், மூலச் செக்குகள் கைக்கு வர வேண்டும்.

அப்புறம், நீங்கள் கேட்காத கேள்வி. ஐந்து செக்கில் கையெழுத்துப் போட்டீர்கள், நோட்டீஸில் வந்தது ஒன்று. மீதி நான்கும் அவரிடம்தான் இருக்கின்றன. கையெழுத்துப் போட்ட அன்று அவர் என்ன செய்வார் என்று உங்களுக்குத் தெரிந்திருக்காது. இன்று தெரியும். அவற்றில் ஒன்று அடுத்த மாதம் திரும்பி வந்தால், எந்த நீதிமன்றத்திலும் உங்களால் ‘தெரியாது’ என்று வாயைத் திறக்க முடியாது. எனவே இன்றைக்கே அவருக்குப் பதிவுத் தபாலில் எழுதுங்கள்: செக் எண்களைக் குறிப்பிட்டு, நிரப்பவோ கொடுக்கவோ அதிகாரம் இல்லை, திருப்பித் தரவும் என்று. எண் தெரியாவிட்டால் பேங்கில் கேட்டால் புத்தகத்தின் வரிசை எண்ணைத் தருவார்கள். அதே நாளில் பேங்குக்கு, கையெழுத்து அதிகாரத்திலிருந்து உங்கள் பெயரை எடுக்கச் சொல்லியும், இந்த நான்கு எண்களை நிறுத்தி வைக்கச் சொல்லியும் கடிதம் கொடுத்து, முத்திரை வைத்த நகலை வாங்கிக்கொள்ளுங்கள். நிறுத்தி வைப்பது மட்டும் உங்களைக் காப்பாற்றாது. ஸ்டாப் பேமென்ட் காரணமாகத் திரும்பும் செக்குக்கும் கேஸ் உண்டு. காப்பாற்றக்கூடியது, யார் கைக்கும் போவதற்கு முன்பே அதிகாரத்தைத் திரும்பப் பெற்றீர்கள் என்று காட்டும் அந்தத் தேதியிட்ட கடிதம். குடும்பத்தில் சண்டை வருமே என்பீர்கள். வரட்டும். கடிதத்தை இன்றே தபாலில் சேருங்கள், ரசீதை பத்திரமாக வையுங்கள். ராஜினாமா செய்வதானால், அதையும் இன்றைய தேதியிலேயே செய்யுங்கள்.