அன்றாடப் பேச்சில் இயேசுவைப் பற்றி எப்படிச் சொல்வது?

மாற்றுச் சமயத்தைச் சேர்ந்த அண்டை வீட்டாரின் மனம் புண்படாமல் நம் விசுவாசத்தை எப்படிப் பகிர்வது என்று கேட்டிருக்கிறீர்கள். தண்டையார்பேட்டையில் 25 ஆண்டுகளாகக் குடியிருக்கும் நான் இதைத் தவறாகச் செய்துதான் கற்றுக்கொண்டேன்.

ஓர் ஆடி மாதம், எதிர்வீட்டு அக்கா அம்மனுக்குப் படைத்த கேழ்வரகுக் கூழைத் தூக்குவாளியில் கொண்டுவந்தார். படைத்ததை உண்ண என் மனச்சாட்சி இடம் தரவில்லை. அதை மட்டும் பணிவாகச் சொல்லியிருக்கலாம். நானோ அவரை வாசலிலேயே நிறுத்தி, விக்கிரகத்தைப் பற்றிப் பிரசங்கம் செய்து, கையில் ஒரு கைப்பிரதியையும் திணித்தேன். அவர் ஒன்றும் பேசாமல் வாளியை இடுப்பில் அணைத்தபடி திரும்பிப் போனார். அதன்பின் பல மாதங்கள் பேச்சே இல்லை.

வேதாகமத்தில் யோவான் சுவிசேஷத்தின் 4ஆம் அதிகாரத்தை அப்போதுதான் புதிதாகப் படித்தேன். யூதர் சமாரியரோடு கலவாத அந்நாளில், கிணற்றடியில் இயேசு முதலில் போதிக்கவில்லை; அந்தச் சமாரியப் பெண்ணிடம் குடிக்கத் தண்ணீர் கேட்டார். ஒருவர் கையால் வாங்கிக் குடிப்பது அவரை மதிப்பதாகும் என்பது நம் தெருக்களில் வாழ்பவர்களுக்கு நன்றாகவே தெரியும். எங்கள் மோட்டார் பழுதான ஒரு நாள், தயக்கத்தோடு அந்த அக்காவிடம் ஒரு குடம் தண்ணீர் கேட்டேன். அவரே தூக்கிவந்து கொடுத்தார். அன்று மன்னிப்பும் கேட்டேன்.

அவருடைய கணவர் காசிமேட்டில் விசைப்படகுத் தொழிலாளி. ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் வருமானம் நின்றுபோன ஒரு மாலை, "உனக்கு மட்டும் எப்படிம்மா தூக்கம் வருது?" என்று அக்காவே கேட்டார். என் கணவர் இறந்த ஆண்டில் ஜெபம் என்னை எப்படித் தாங்கியது என்பதை நாலைந்து வாக்கியங்களில் சொன்னேன். இரட்சிப்பு, மறுபிறப்பு போன்ற சபைச் சொற்களைத் தவிர்த்தேன். அவை நமக்குப் பழகியவை, அவர்களுக்கு அல்ல. விசுவாசித்தால் கடன் தீரும் என்றும் சொல்லவில்லை. அப்படி வாக்களிப்பது சுவிசேஷமே அல்ல என்பது என் உறுதியான எண்ணம். "உங்களுக்காக ஜெபிக்கட்டுமா அக்கா?" என்று கேட்டு, அவர் தலையசைத்த பிறகே ஜெபித்தேன். வேண்டாம் என்றிருந்தால் அதையும் மதித்திருப்பேன்.

அரசமைப்புச் சட்டத்தின் 25ஆம் பிரிவு சமயத்தைப் பரப்பும் உரிமையைத் தருகிறது. பிறரை மதம் மாற்றும் உரிமை அதில் அடங்காது என்று 1977இல் உச்ச நீதிமன்றம் கூறியது. இதில் எனக்கு வருத்தமில்லை, ஏனெனில் மனத்தைத் திருப்புவது ஆண்டவரின் வேலை, என்னுடையதன்று.

அக்கா இன்றுவரை ஆலயத்துக்கு வந்ததில்லை. "இன்னிக்கு எனக்காக ஜெபம் பண்ணும்மா" என்று மட்டும் சில நாள் சொல்வார். சென்ற ஆடியில், படைப்பதற்கு முன்பே எனக்கெனத் தனியாக எடுத்துவைத்த கூழை அதே தூக்குவாளியில் கொண்டுவந்தார். உள்ளே அழைத்து உட்காரவைத்தேன். சின்ன வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு இருவரும் சேர்ந்தே குடித்தோம்.