பிரிட்டிஷ் மியூசியத்துக்கு வித்திட்ட லண்டன் மருத்துவர் ஹான்ஸ் ஸ்லோன் விஞ்ஞானியா, வெறும் பொருள் சேர்ப்பவரா? பால் சாக்லேட்டைக் கண்டுபிடித்தது அவர்தானா?

சாக்லேட் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன், அதில் பெரிய சரக்கு இல்லை. ஜமைக்காவில் கொக்கோ பானத்தைக் குடித்துப் பார்த்தார், குமட்டுகிறது என்று எழுதி வைத்தார். கொக்கோவில் பால் கலப்பது அவருக்கு முன்பே இருந்த பழக்கம். ராஜ வைத்தியர் என்ற பெயர் இருந்ததால் 18ஆம் நூற்றாண்டு லண்டன் கடைக்காரர்கள் "சர் ஹான்ஸ் ஸ்லோன் பால் சாக்லேட்" என்று போட்டு விற்றார்கள். 19ஆம் நூற்றாண்டில் கேட்பரியும் அதே பெயரைப் பயன்படுத்திக்கொண்டது. டாக்டர் சிபாரிசு என்று சொல்லிப் பற்பசை விற்பதற்கு இதுதான் கொள்ளுத்தாத்தா.

முதல் கேள்விக்கு வருகிறேன். அதற்கு என் கல்லூரிக் கதை ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

நான் பி.எஸ்சி. தாவரவியல். மூன்றாம் ஆண்டில் ஐம்பது ஹெர்பேரியம் ஷீட் ஒப்படைக்க வேண்டும். செடியைப் பிடுங்கி, பழைய செய்தித்தாளுக்குள் விரித்து, மேலே கனமாக எதையாவது ஏற்றி, தினமும் தாளை மாற்றி, காய்ந்த பிறகு அட்டையில் ஒட்டி, வலது மூலையில் லேபிள் எழுத வேண்டும். மழைக்காலத்தில் தாளை மாற்றச் சோம்பல்பட்டேன். பாதிக்குப் பூஞ்சை பிடித்துவிட்டது. கடைசி நேரத்தில் ஒரு சீனியரிடம் ஏழெட்டுச் செடிகளை வாங்கி, என் பெயரில் லேபிள் எழுதி ஒட்டினேன். பேராசிரியர் புரட்டிக்கொண்டே வந்தவர் செங்காந்தளில் நின்றார். லேபிளில் ஏப்ரல் 14 என்று போட்டிருந்தேன். "சித்திரை வெயில்ல செங்காந்தளுக்குத் தண்டே இருக்காதேப்பா, கிழங்கு மண்ணுக்குள்ள தூங்குமே, உனக்கு மட்டும் பூத்துச்சா?" என்றார். ஐம்பதையும் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

ஒரு லேபிள் பொய் என்றால் ஐம்பதும் குப்பை. ஸ்லோனைப் பற்றிப் பிறகு படித்தபோது எனக்கு அந்த ஆள் உடனே பிடிபட்டது இதனால்தான்.

1660இல் வட அயர்லாந்தின் கிலிலீ ஊரில் பிறந்தவர். பதினாறு வயதில் ரத்தம் கக்கி மாதக்கணக்கில் படுக்கையில் கிடந்தார். அதிலிருந்து உணவிலும் குடியிலும் ஒரே கட்டுப்பாடு. 92 வயது வரை வாழ்ந்தார். லண்டனில் வேதியியலும் மூலிகையும் கற்று, பிரான்சில் மருத்துவப் பட்டம் வாங்கித் திரும்பினார். வேதியியலாளர் ராபர்ட் பாயிலும் தாவரவியலாளர் ஜான் ரேயும் அவருக்குப் பழக்கம். 1687இல் ஜமைக்காவின் புது ஆளுநர் ஆல்பமார்ல் பிரபுவுக்குத் தனி மருத்துவராகக் கப்பல் ஏறினார்.

பிரபு ஓராண்டுக்குள் இறந்துபோனார். மருத்துவருக்கு அது நல்ல பெயர் வாங்கித் தரும் சமாச்சாரம் இல்லை. ஆனால் அங்கே இருந்த 15 மாதங்களில் ஸ்லோன் சுமார் 800 செடிகளைக் காயவைத்துவிட்டார். 1689இல் திரும்பிய கப்பலில் பிரபுவின் பதப்படுத்திய உடல், அவருடைய மனைவி, வேலையாட்கள், கூடவே ஸ்லோனின் உயிருள்ள சுமைகள்: ஏழடி மஞ்சள் பாம்பு, உடும்பு போன்ற ஓர் இகுவானா, ஒரு முதலை. பாம்பு பழக்கப்பட்டது, பெரிய மண்சாடியில் இருந்தது. ஒரு நாள் சாடியை விட்டு வெளியே வந்து வேலையாட்கள் படுக்கும் அறையின் கூரைமேல் ஏற, அவர்கள் பயந்துபோய்ச் சுட்டுவிட்டார்கள். இகுவானா கப்பல் விளிம்பில் ஓடும்போது மாலுமி ஒருவரைக் கண்டு மிரண்டு கடலில் குதித்தது. முதலை தொட்டித் தண்ணீரிலேயே செத்தது. உயிரோடு கொண்டுவந்தது எதுவும் மிஞ்சவில்லை. காய்ந்த செடிகள் மட்டும் பத்திரமாக வந்து சேர்ந்தன, இன்றும் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அதில் கொக்கோவும் உண்டு.

அந்தப் பயணத்தை வைத்து எழுதிய ஜமைக்கா இயற்கை வரலாறு 1707இலும் 1725இலும் இரண்டு பெரிய தொகுதிகளாக வந்தது. ஸ்வீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் செடிகளுக்கு அறிவியல் பெயர் வைத்தபோது அதன் படங்களைப் பயன்படுத்தினார். அந்தப் புத்தகத்தில் செடி மட்டும் இல்லை. ஒரு விழாவில் அடிமைகள் பாடியதைக் கேட்டு, பாப்டிஸ்ட் என்ற இசைக்காரரிடம் சொல்லிச் சுரக்குறிப்பாக எழுத வைத்துச் சேர்த்திருக்கிறார். கரீபியன் ஆப்பிரிக்கர்களின் இசையில் எழுத்தில் பதிவான மிகப் பழைய துண்டுகளில் அதுவும் ஒன்று. அதே புத்தகத்தில் அடிமைகளுக்குக் கொடுத்த தண்டனைகளையும் விவரிக்கிறார், ஒரு வேரின் நிறத்தை விவரிக்கும் அதே குரலில். படித்தால் வயிறு கலங்கும்.

பணம் எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். மருத்துவத்தில் நன்றாகச் சம்பாதித்தார், அடுத்தடுத்து அரியணை ஏறிய மூன்று பேருக்கு வைத்தியம் பார்த்தார். ஆனால் 1695இல் அவர் மணந்த எலிசபெத், ஜமைக்காத் தோட்ட முதலாளி ஒருவரின் விதவை. அந்தத் தோட்டங்களின் லாபத்தில் மூன்றில் ஒரு பங்கு வீட்டுக்கு வந்துகொண்டிருந்தது. அடிமைகள் வெட்டிய கரும்பு, லண்டனில் சிப்பியாகவும் நாணயமாகவும் ஏட்டுச்சுவடியாகவும் மாறியது. இதைத் தவிர்த்துவிட்டு அவரைப் புகழ என்னால் முடியாது.

அப்படியானால் விஞ்ஞானியா? 1727இல் நியூட்டன் இறந்ததும் லண்டன் விஞ்ஞானிகளின் சங்கமான ராயல் சொசைட்டிக்குத் தலைவரானவர் இவர்தான். ஆனால் நியூட்டனுக்கு விதிகள் இருந்தன, இவருக்கு ஒரு விதி கூடக் கிடையாது. எதையும் கோட்பாடாக்கும் ஆசையே இருந்ததாகத் தெரியவில்லை. பொருள் கையில் வந்தால் எண் போடுவார், பட்டியல் நூலில் எழுதுவார், யார் கொடுத்தது, எந்த ஊர் என்று ஒரு வரி சேர்ப்பார். விதைகளையும் பட்டைகளையும் பிசின்களையும் கண்ணாடி வைத்த சிறு பெட்டிகளில் போட்டு, பூச்சி புகாமல் ஓரத்தைக் காகிதத்தால் ஒட்டி மூடினார். அந்த வகையில் மட்டும் பன்னிரண்டாயிரத்துக்குப் பக்கம். பிறர் சேகரிப்புகளையும் மொத்தமாக வாங்கினார். ஜேம்ஸ் பெட்டிவர் என்ற மருந்துக்கடைக்காரர் 1718இல் இறந்தபோது அவருடைய செடிகள் குவியல் குவியலாக, தூசியும் பூச்சியும் அரித்துக் கிடந்ததாக ஸ்லோன் வருத்தப்பட்டு எழுதினார். என் பூஞ்சை பிடித்த ஷீட்டுகளைப் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ.

அவர் பார்த்த விதத்துக்கு ஓர் உதாரணம் போதும், அதில் நம் ஊரும் இருக்கிறது. 1698 வாக்கில் சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டையின் தலைமை அறுவை மருத்துவர் பக்லி, ராயல் சொசைட்டிக்கு ஒரு சீனத்துப் பேழையை அனுப்பினார். மருந்துகள், கத்திகள், காது குடையும் கருவிகள் என்று கலந்து கட்டிய சாமான்கள். அதில் ஓரடிக்கு மேல் நீளமாக, பட்டுப்போல மினுங்கும் மஞ்சள் ரோமத்தோடு, நான்கு கால் வைத்த ஒரு வஸ்து. மத்திய ஆசியப் பக்கத்துத் தார்த்தாரி தேசத்தில் ஒரு செடியில் ஆட்டுக்குட்டி காய்க்கும், கொடியில் தொங்கியபடியே சுற்றியுள்ள புல்லை மேயும், புல் தீர்ந்ததும் செத்துவிடும் என்று ஐரோப்பா பல நூற்றாண்டாக நம்பியது. அந்த ஆட்டுக்குட்டிதான் இது என்றார்கள். ஸ்லோன் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மரப்பெரணி ஒன்றின் தண்டுக்கிழங்கு. இலைக்காம்புகளை அளவாக வெட்டிக் கால்களாக விட்டிருக்கிறார்கள் என்று எழுதினார். சொற்பொழிவு இல்லை, கேலி இல்லை. கேலி அவருக்குத்தான் கிடைத்தது. காது குடையும் கருவியைக்கூட அறிவியல் இதழில் விவரிக்கும் ஆள் என்று 1700இல் வில்லியம் கிங் அவரை நக்கலடித்து ஒரு புத்தகமே போட்டார்.

என்னைக் கேட்டால் அந்தக் கிழங்கு ஒன்றுக்காகவே விஞ்ஞானி என்பேன்.

1753 ஜனவரி 11இல் இறந்தபோது 71,000க்கு மேல் பொருள்கள் இருந்தன. மகள்களுக்கு 20,000 பவுண்டு கொடுத்துவிட்டு நாடு எடுத்துக்கொள்ளட்டும், வேண்டாம் என்றால் வெளிநாட்டு அகாதெமிகளிடம் கேளுங்கள் என்று உயிலில் எழுதியிருந்தார். கஜானாவில் பணம் இல்லாததால் பாராளுமன்றம் லாட்டரி நடத்தியது. ஒருவருக்கு இத்தனை சீட்டுதான் என்ற விதியை மீறிக் கள்ளப் பெயர்களில் விற்று, பொறுப்பாளர் ஒருவர் அபராதம் கட்டினார். அப்படித்தான் பிரிட்டிஷ் மியூசியம் 1759இல் திறந்தது. 2020இல் அதே மியூசியம் அவருடைய மார்பளவுச் சிலையைப் பீடத்திலிருந்து இறக்கி, அடிமை வணிகத் தொடர்பைச் சொல்லும் குறிப்போடு கண்ணாடிப் பேழைக்குள் வைத்தது. எனக்கு அதில் தவறொன்றும் தெரியவில்லை, அவருக்கும் லேபிள் வேண்டாமா.

பெட்டிவரிடம் வாங்கிய குவியலில் 1690களில் சாமுவேல் பிரவுன் என்ற கோட்டை மருத்துவர் சென்னைப் பக்கம் சேகரித்து அனுப்பிய செடிகளும் உண்டு. அவற்றைப் பற்றிய குறிப்புகள் ராயல் சொசைட்டி இதழில் தமிழ்ப் பெயர்களோடு வந்தன. "மலபார்" பெயர்கள் என்று போட்டிருப்பார்கள், அந்தக் காலத்தில் ஆங்கிலேயர்கள் தமிழை அப்படித்தான் அழைத்தார்கள். இன்ன நோய்க்கு இன்ன இலை என்ற கைமருத்துவமும் உண்டு. பிரவுன் பெயர் இருக்கிறது, பெட்டிவர் பெயர் இருக்கிறது, மொத்தத் தொகுப்புக்கும் ஸ்லோன் பெயர் இருக்கிறது. செடியைக் காட்டி "இதுக்குப் பேரு இன்னது" என்று சொன்ன உள்ளூர்க்காரரின் பெயருக்கு அங்கே இடமில்லை. என் செங்காந்தள் ஷீட்டிலும் சேகரித்தவர் என்ற இடத்தில் சீனியர் பெயர் இல்லை, என் பெயர்தான் இருந்தது.