வீட்டுக் கணக்கு: அடகு வைக்கவா, விற்கவா?

கேள்வி: அக்கா, என் கணவர் 11 வருஷம் வேலை பார்த்த நூல் மில்லை ஒன்பது மாதம் முன்பு மூடிவிட்டார்கள். மாதம் 22,000 வந்த வீட்டில் இப்போது என் தையலில் வரும் 5,000 மட்டும்தான். வாடகையே 6,000. ஒரு செயினையும் இரண்டு வளையலையும் வட்டிக்கடையில் 95,000 ரூபாய்க்கு வைத்திருக்கிறோம். நூற்றுக்கு இரண்டு வட்டி. மிச்சம் நாலு பவுன் இருக்கிறது. அதையும் வைக்கலாமா, இல்லை பி.எஃப். பணத்தை எடுக்கலாமா? சீட்டு, எல்.ஐ.சி. வேறு கட்ட வேண்டியிருக்கிறது. அக்கம்பக்கத்துக்கும் பத்தாவது படிக்கும் மகளுக்கும் தெரியக்கூடாது என்று அவர் தினமும் எட்டரைக்கு டிபன் பாக்ஸோடு வண்டியில் கிளம்பிவிடுகிறார்.
- பெயர் வேண்டாம், கொண்டலாம்பட்டி, சேலம்

பதில்: அந்த டிபன் பாக்ஸ் எனக்குத் தெரியும். 1998-இல் என் வீட்டுக்காரர் ஐந்து மாதம் அப்படித்தான் கிளம்பிப் போய் ஜங்ஷன் பிளாட்பாரத்தில் உட்கார்ந்திருந்தார். நானும் ஒருவருக்கும் தெரியாமல் என் மூன்று பவுன் செயினை செவ்வாய்ப்பேட்டையில் ஒரு கடையில் வைத்தேன். இரண்டு வருஷம் வட்டி கட்டினேன். அப்புறம் முடியவில்லை, ஏலத்துக்குப் போய்விட்டது. கடைக்காரரைக் குறை சொல்ல மாட்டேன், அடகுச் சீட்டில் எழுதியிருந்ததைத்தான் செய்தார். வட்டி கட்டிய காசுக்குத்தான் இன்னும் வயிறு எரிகிறது.

அதனால் சொல்கிறேன்: வைக்காதீர்கள், விற்றுவிடுங்கள். மீட்க வருமானம் வரும் என்று தெரிந்தால்தான் அடகு. உங்கள் 95,000-க்கு மாதம் 1,900 வட்டி, வருஷத்துக்கு 22,800. கையில் இருக்கும் நாலு பவுனில் ஒன்றரைப் பவுனை விற்றாலே இன்றைய விலைக்குச் செயினும் வளையலும் வீட்டுக்கு வந்துவிடும். கல் வைத்த நகையை விற்க வேண்டாம். கல்லுக்கு எடை கழித்துவிடுவார்கள். 916 முத்திரை உள்ள வெறும் சங்கிலி, வளையல், காசு இருந்தால் அதை, வாங்கிய கடைக்கே பில்லோடு கொண்டுபோங்கள். பிறகு வைத்தே ஆகவேண்டிய அவசரம் வந்தால் வங்கிக்கோ கூட்டுறவு சங்கத்துக்கோ போங்கள். அங்கே வட்டி பெரும்பாலும் நூற்றுக்கு ஒரு ரூபாய்க்குள் முடிந்துவிடும்.

விற்பதைச் சொந்தக்காரர்கள் கேவலமாகப் பேசுவார்கள்தான். பேசட்டும். மொய் எழுதுவதற்காக நகையை வைத்தவர்களை நம் ஊரில் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். இன்னும் ஒரு வருஷத்துக்கு எந்த விசேஷத்துக்கும் 200 ரூபாய்க்கு மேல் எழுதாதீர்கள். வேலை இல்லை என்று சொல்லிவிட்டால் யாரும் எதிர்பார்க்கவும் மாட்டார்கள். காய்க்குக் கட்டணமில்லாப் பேருந்தில் தாதகாப்பட்டி உழவர் சந்தைக்குப் போங்கள், கடை கட்டும் நேரமாக. மில்லோடு இ.எஸ்.ஐ. மருத்துவ வசதியும் நின்றுபோகும். வருமானச் சான்று வாங்கி முதலமைச்சர் காப்பீட்டு அட்டைக்கு இப்போதே எழுதிக் கொடுங்கள்; வருஷ வருமானம் 1,20,000-க்குள் இருக்க வேண்டும். ஆஸ்பத்திரிச் செலவு வந்தால் நாலு பவுன் என்ன, நாற்பது பவுனும் நிற்காது.

பி.எஃப். கடைசியாக இருக்கட்டும். பத்து வருஷம் தாண்டியதால் அவருக்கு 58 வயதில் பென்ஷன் உண்டு. அந்தப் பென்ஷன் பங்கை இப்போது எடுக்க முடியாது, அது நல்லதுதான். எல்.ஐ.சி.யை உடைக்காதீர்கள், முதலில் கிளையில் போய் 'பெய்டு அப்' ஆகுமா என்று கேளுங்கள். ஆகும் என்றால், தவணை கட்டாமலே குறைந்த தொகைக்குப் பாலிசி நிற்கும்.

நாளைக்கு அந்த டிபன் பாக்ஸைக் கட்டாதீர்கள். பெட்ரோல் காசாவது மிஞ்சும். மகளுக்குத் தெரியாது என்கிறீர்கள். என் மகனுக்கு இரண்டாவது மாதமே தெரிந்திருந்தது, அதைப் பெரியவனான பிறகுதான் சொன்னான்.

சீட்டு எத்தனை மாதம் பாக்கி, எடுத்தாயிற்றா இல்லையா என்று நீங்கள் எழுதவில்லை. எடுக்காத சீட்டு என்றால் தெரிந்தவர் யாருக்காவது கைமாற்றிவிடலாம். எடுத்துவிட்டது என்றால் கதை வேறு. எழுதிப் போடுங்கள், அடுத்த இதழில் பார்ப்போம்.