ஹோட்டலில் சர்வருக்கு டிப்ஸ் கொடுத்தே ஆக வேண்டுமா? எவ்வளவு கொடுப்பது நியாயம்?

கொடுத்தே ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. ஆனாலும் கொடுங்கள். பில்லில் இத்தனை சதவீதம் என்று கணக்குப் போடாமல், பரிமாறியவர் நமக்காக எவ்வளவு நடந்தார் என்று பார்த்துக் கொடுங்கள். அதையும் அவர் கையிலேயே கொடுங்கள். என் பதில் இவ்வளவுதான். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்று கேட்பவர்கள் மேலே படிக்கலாம்.

எனக்குச் செங்கோட்டை. கல்லூரியில் படித்த காலத்தில் குற்றாலச் சீசன் வந்துவிட்டால் பிரானூர் பார்டர் பக்கம் ஒரு பரோட்டாக் கடையில் சப்ளையராக நிற்பேன். சாரல் நாட்களில் அருவியில் குளித்துவிட்டு வரும் பசி சாதாரணப் பசி அல்ல. ஈரத்தலையோடு குடும்பம் குடும்பமாக வந்து உட்காருவார்கள். ஒரு சப்ளையருக்கு ஐந்தாறு மேசை. இலை போடணும், தண்ணீர் வைக்கணும், பரோட்டாவைப் பிய்த்துப் போடணும், சால்னா ஊற்றணும். ஊற்றிவிட்டுத் திரும்பினால் அடுத்த மேசையில் "அண்ணாச்சி, இங்க சால்னா" என்று குரல் வரும். சால்னாவுக்குத் தனிக் காசு கிடையாது. பார்டர் பரோட்டா அளவில் சின்னது, அதனால் "இன்னும் ரெண்டு, இன்னும் ரெண்டு" என்று நடை ஓயவே ஓயாது.

இந்த வேலையைச் செய்தவனுக்குச் சதவீதக் கணக்கைப் பார்த்தால் சிரிப்புதான் வரும். கைக்குழந்தையோடு வந்த நாலு பேர் வெறும் பரோட்டாவும் சால்னாவும் சாப்பிட்டுவிட்டு எழுந்தால் பில் சொற்பம், ஆனால் அந்த மேசைக்கு நான் பத்து தடவையாவது போய் வந்திருப்பேன். பக்கத்து மேசையில் ஒருவர் தனியாக நாட்டுக்கோழியும் காடையும் சொல்லுவார். ஒரே நடையில் எல்லாவற்றையும் கொண்டுபோய் வைத்துவிடலாம், பில் மட்டும் இரண்டு மடங்கு வரும். சதவீதம் போட்டால் காடை விலைக்குத்தான் டிப்ஸ் கிடைக்கும், காலுக்குக் கிடைக்காது.

பத்து சதவீதம், இருபது சதவீதம் என்கிற பேச்சே அமெரிக்காவிலிருந்து வந்தது. அங்கே அதற்கு ஒரு காரணம் உண்டு. டிப்ஸ் வாங்கும் ஊழியருக்கு முதலாளி மணிக்கு 2.13 டாலர் கொடுத்தால் போதும் என்கிறது அவர்களுடைய கூட்டாட்சிச் சட்டம். 1991 முதல் அந்தத் தொகை மாறவேயில்லை. மற்றவர்களுக்குக் குறைந்தபட்சக் கூலி 7.25 டாலர். இடைவெளியை வாடிக்கையாளரின் டிப்ஸ் நிரப்ப வேண்டும், அது நிரம்பாவிட்டால்தான் முதலாளி பொறுப்பு. கலிபோர்னியா மாதிரிச் சில மாநிலங்கள் இந்தக் குறைப்பை ஒத்துக்கொள்வதில்லை. மற்ற பல இடங்களில் டிப்ஸ் கொடுக்காமல் எழுந்து போனால் அந்த ஆளின் கூலியிலேயே கை வைத்த மாதிரி ஆகும். அங்கே போகிறவர்கள் அந்த ஊர் வழக்கப்படி நடக்கட்டும். நம் ஊரில் டிப்ஸைக் காட்டிக் கூலியைக் குறைக்க முதலாளிக்கு அப்படி ஒரு சட்டம் இல்லை. அப்புறம் ஏன் அந்தக் கணக்கை மட்டும் இறக்குமதி செய்ய வேண்டும்?

புளியரை தாண்டிக் கேரளத்துக்குள் ஆரியங்காவு, தென்மலை, புனலூர் என்று போனால் வழக்கம் கொஞ்சம் மாறும். நான் வேலை விஷயமாக அடிக்கடி போகிற வழி அது. அந்தப் பக்கத்துச் சின்னக் கடைகளில் மேசைக்குப் பில் வராது. சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு நேராகக் கல்லாவுக்குப் போவீர்கள், சேட்டன் உள்ளேயிருந்தபடியே என்னென்ன சாப்பிட்டீர்கள் என்று குரல் கொடுப்பார், கல்லாவில் இருப்பவர் கூட்டிச் சொல்லுவார். இதில் டிப்ஸுக்கு இடமே இல்லை. நம் பக்கத்து மெஸ்களிலும் இதே கதைதான். ஏசி ஹாலில் சோம்புத் தட்டோடு பில் வந்தால்தான் மீதிச் சில்லறையை அதில் விடலாமா என்ற யோசனையே நமக்கு வருகிறது. ஆக, நம் தாராள மனசு பாதி நேரம் பில் எங்கே வருகிறது என்பதைப் பொறுத்தது! கல்லாவில் காசு கட்டுகிற கடையிலும் பரிமாறியவர் அதே அளவுக்குத்தான் நடந்திருப்பார்.

கேரளத்தில் இன்னொரு சங்கடமும் உண்டு. இந்தியன் காபி ஹவுஸ். மத்திய அரசின் காபி போர்டு தன் கடைகளை மூடி ஆட்களை வீட்டுக்கு அனுப்பியபோது, கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலன் முன்நின்று அந்தத் தொழிலாளர்களைக் கூட்டுறவுச் சங்கமாகச் சேர்த்தார். கேரளத்தின் முதல் கடை 1958-ல் திருச்சூரில் திறந்தது. விசிறித் தலைப்பாகையோடு வந்து தோசை வைப்பவர் அந்தச் சங்கத்தில் பங்குதாரராகவும் இருக்கலாம். கடைக்குச் சொந்தக்காரருக்கு டிப்ஸா என்று என் மைத்துனர் வாதம் செய்வார். நான் அவரைத் திருவனந்தபுரம் தம்பானூர் கிளைக்குப் போய்ப் பார்க்கச் சொல்வேன். லாரி பேக்கர் கட்டிய அந்தச் சுருள் கட்டடத்தில் தரையே சாய்வுதான். கையில் தட்டோடு நாள் முழுக்க அந்தச் சரிவில் ஏறி இறங்குகிறவர் பங்குதாரராக இருந்தால் என்ன, கால் வலிக்காதா? நான் அங்கே கொடுப்பேன். சிலர் சிரித்தபடி வேண்டாம் என்பார்கள், அப்போது வற்புறுத்தக் கூடாது.

கார்த்திகை பிறந்தால் எங்கள் ரோடே சபரிமலை வண்டிகளால் நிறைந்துவிடும். ஒரு வேன் நிறுத்தினால் இருபது முப்பது சாமிகள் ஒன்றாக இறங்குவார்கள், பரிமாறுகிறவரும் அவர்களுக்குச் சாமிதான். "சாமி, சாம்பார் சாமி." டிப்ஸ் விஷயத்தில் அவர்களிடம் ஒரு நல்ல பழக்கம் பார்த்திருக்கிறேன். ஆளாளுக்குச் சில்லறை தேடாமல் குருசாமி ஒருவரே மொத்தமாக ஒரு தொகையை எடுத்து, "எல்லா சாமிகளும் பிரிச்சுக்கோங்க" என்று சொல்லிக் கொடுப்பார். இலை எடுக்கிற பையனையும் கூப்பிட்டு நிறுத்தி, அவன் கண்முன்னே கொடுப்பவர்களும் உண்டு.

யார் கைக்குப் போகிறது என்பது தொகையை விடப் பெரிய விஷயம். நான் முதலில் இருந்த கடையில் கல்லாப் பக்கம் ஒரு எவர்சில்வர் டம்ளர் இருக்கும், விழுகிற டிப்ஸ் எல்லாம் அதில். ராத்திரிக் கடை எடுத்துவைத்த பிறகு சப்ளையர், தண்ணீர் வைக்கிறவர், இலை எடுக்கிறவர் என்று பிரித்துக்கொள்வோம். பரோட்டா மாஸ்டருக்குப் பங்கு கிடையாது, அவர் சம்பளமே வேறு. அடுத்து நின்ற கடையிலும் டம்ளர் இருந்தது. அங்கே கிளாஸ் உடைந்ததற்கு, காசு கட்டாமல் போன மேசைக்கு என்று முதலாளி அதிலிருந்தே கழித்துக்கொள்வார். கேட்டால் "என் கடையில விழுந்த காசுதானே" என்பார். பிரிட்டனில் 2024 அக்டோபர் முதல் இப்படிக் கழிப்பதற்குச் சட்டத்தடை இருக்கிறது. இங்கேயும், ஹோட்டல் வசூலித்து ஊழியர்களுக்குக் கொடுக்கும் டிப்ஸ் சம்பளம் ஆகாது, அது வாடிக்கையாளர் கொடுத்த பணம், அதற்கு முதலாளி டிடிஎஸ், அதாவது கொடுக்கும்போதே வரி, பிடிக்க வேண்டியதில்லை என்று 2016-ல் ஒரு வருமான வரி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. வரி வழக்குதான், ஆனால் யாருடைய காசு என்பது அதில் தெளிவாகவே இருக்கிறது.

அதனால்தான் பெரிய ரெஸ்டாரெண்டுகளில் பில்லிலேயே ஒட்டிவரும் சர்வீஸ் சார்ஜ் எனக்குப் பிடிக்காது. கேரளத்தில் நோக்குக்கூலி என்று ஒன்று இருந்தது: சுமை இறக்காமல் பார்த்துக்கொண்டு நின்றதற்கே கூலி. 2018 மே 1 முதல் அதை அரசு ஒழித்தது. சர்வீஸ் சார்ஜ் கிட்டத்தட்ட முதலாளியின் நோக்குக்கூலி. ஆயிரம் ரூபாய் சாப்பாட்டுக்கு நூறு ரூபாய் சர்வீஸ் சார்ஜ் போட்டு, மொத்தத்துக்கும் 5 சதவீத ஜிஎஸ்டி போட்டால், டிப்ஸுக்கும் சேர்த்து வரி கட்டுகிறோம். தானாகச் சேர்க்கக் கூடாது, வேறு பெயரிலும் வாங்கக் கூடாது, அதன் மேல் ஜிஎஸ்டி போடக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4 அன்று வழிகாட்டுதல் வெளியிட்டது. ஹோட்டல் சங்கங்கள் கோர்ட்டுக்குப் போயின. 2025 மார்ச் 28 அன்று டெல்லி உயர் நீதிமன்றம் அந்த வழிகாட்டுதல் செல்லும் என்று தீர்ப்பளித்தது. பில்லில் பார்த்தால் எடுக்கச் சொல்லுங்கள். மறுத்தால் 1915 என்ற நுகர்வோர் எண்ணில் புகார் செய்யலாம். ஆனால் சர்வரிடம் சண்டை வேண்டாம், பில் அடிப்பது அவர் அல்ல. எடுக்கவைத்த கையோடு அவருக்கு ஏதாவது கொடுத்துவிட்டு வாருங்கள், இல்லையென்றால் அன்றைக்கு நஷ்டம் அவருக்குத்தான்.

இப்போது எல்லோரும் ஸ்கேன் செய்து கட்டுகிறோம், அந்தக் காசு நேரே முதலாளி கணக்குக்குப் போகிறது. மீதிச் சில்லறை என்ற ஒன்றே இல்லாமல் போனதில் அதிகம் அடிவாங்கியது சப்ளையர்கள்தான். சட்டைப்பையில் பத்து, இருபது ரூபாய்த் தாள்கள் கொஞ்சம் வைத்துக்கொள்ளுங்கள். டிபனுக்குப் பத்து, குடும்பத்தோடு போய் அரைமணி நேரம் அவரை ஓடவிட்டால் ஐம்பது, குழந்தை மேசையெல்லாம் கொட்டியிருந்தால் துடைத்தவருக்குத் தனியாக இருபது என்பது என் கணக்கு. உங்கள் வசதிக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம். எச்சில் தட்டுக்கு அடியில் செருகிவிட்டுப் போகாதீர்கள். வயதில் மூத்தவராக இருந்தால் "அண்ணாச்சி, வச்சுக்கோங்க" என்று சொல்லிக் கையில் கொடுங்கள்.

சாப்பாடு சரியில்லை என்றால்? அது மாஸ்டர் தப்பு, கல்லாவில் சொல்லுங்கள், சப்ளையருக்குக் கொடுப்பதைக் கொடுத்துவிடுங்கள். சப்ளையரே மரியாதை இல்லாமல் பேசினால் ஒரு பைசா கொடுக்க வேண்டாம், நானும் கொடுக்க மாட்டேன்.