பாதிச் சம்பளம் சரி, பாதி வேலைதானா?

கேள்வி: ஐ.டி. கம்பெனியில் ஆறு வருடமாக இருக்கிறேன். குழந்தைக்கு ஒன்றரை வயது. தினம் நாலு மணி நேரம் வீட்டிலிருந்தே வேலை, பாதிச் சம்பளம் என்கிறார்கள். கணவரும் மாமியாரும் ‘நல்லதுதானே, குழந்தையையும் பார்த்துக்கொள்ளலாம்’ என்கிறார்கள். ஒப்புக்கொள்ளட்டுமா?
- ஒரு வாசகி, ராமமூர்த்தி நகர், பெங்களூரு

பதில்: ஒப்புக்கொள்ளலாம். ஆனால் எந்த நாலு மணி நேரம்? உங்கள் கடிதத்தில் அது இல்லை, எனக்கு அதுதான் இடிக்கிறது.

லாபம் இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. தினமும் டின் ஃபேக்டரி முனையில் மாட்டிக்கொண்டு அவுட்டர் ரிங் ரோட்டுக்குப் போய் வரும் அவஸ்தை மிச்சம், குழந்தை கண் முன்னால் வளரும், வேலையை விட்டுவிட்டு இரண்டு வருடம் கழித்து இன்டர்வியூவில் ‘ஏன் கேப்?’ என்ற கேள்விக்குத் தலையைச் சொறிய வேண்டாம்.

உங்கள் க்ளையன்ட் அமெரிக்காவில் இருந்தால், நியூயார்க்கில் காலை ஒன்பதரை என்பது இங்கே கோடையில் இரவு ஏழு, குளிர்காலத்தில் எட்டு. குழந்தைக்குச் சோறு ஊட்டும் நேரம். நேரத்தை எழுதி வாங்காவிட்டால் காலையில் ஒரு மணி, மத்தியானம் ஒன்றரை, ராத்திரி க்ளையன்ட் கால் என்று நாள் முழுக்கச் சிதறி, பாதிச் சம்பளத்துக்கு முழு வேலை பார்ப்பீர்கள். அது போதாதென்று ‘வீட்டில்தானே இருக்கா’ வேறு. வாசலில் சிலிண்டர்காரர் ஓ.டி.பி. கேட்பார், லேப்டாப்பில் மேனேஜர் ஃபைல் கேட்பார், உள்ளே மாமியார் பிரஷர் மாத்திரை எங்கே என்பார்.

அடுத்தது காகிதம். உங்களைப் பணியாளராகவே வைத்துக்கொள்கிறார்களா, ‘கன்சல்டன்ட்’ என்று மாற்றுகிறார்களா? மாற்றினால் பி.எஃப். நின்றுவிடும், சம்பளத்தோடு கூடிய லீவு போய்விடும், பெரும்பாலும் கம்பெனி மெடிக்கல் இன்ஷூரன்ஸும் போகும், வருவதில் வழக்கமாகப் பத்து சதவீதம் டி.டி.எஸ். பிடிப்பார்கள். பணியாளராகவே இருந்தாலும் ஒரு பொறி உண்டு, பல பேர் கவனிப்பதில்லை. வேலையை விடும்போது தரும் பணிக்கொடையான கிராஜுவிட்டியைக் கடைசியாக வாங்கிய சம்பளத்தை வைத்துத்தான் கணக்குப் போடுவார்கள். அதற்கு எடுத்துக்கொள்ளும் சம்பளம் 40,000 என்று வைத்துக்கொள்ளுங்கள், இன்று விலகினால் ஆறு வருடத்துக்குச் சுமார் 1,38,000 வரும். அது 20,000 ஆன பிறகு விலகினால், முழு நேரம் உழைத்த அதே ஆறு வருடத்துக்கு 69,000தான். ‘இதுவரைக்கும் உள்ள சர்வீஸுக்குப் பழைய சம்பளத்திலேயே’ என்று கம்பெனி தரும் கடிதத்தில் ஒரு வரி கேட்டு வாங்குங்கள். எப்போது முழு நேரத்துக்குத் திரும்பலாம் என்ற தேதியும் அதே கடிதத்தில் இருக்கட்டும். எச்.ஆர். வாயால் சொன்னதெல்லாம் அந்த எச்.ஆர். வேறு கம்பெனிக்குத் தாவும் வரைதான்.

அப்புறம், ‘நல்லதுதானே’ என்ற இரண்டு பேரையும் உட்காரவைத்துக் கேளுங்கள்: நான் அறைக் கதவைச் சாத்திக்கொள்ளும் அந்த நாலு மணி நேரம் குழந்தை யார் கையில்? ஒன்றரை வயதுக் குழந்தையையும் மீட்டிங்கையும் ஒரே ஆள் ஒரே நேரத்தில் பார்க்க முடியாது. அவர்களிடம் பதில் இல்லையென்றால் ஆபீஸ் பக்கம் திரும்புங்கள். ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பக வசதி இருக்க வேண்டும், தாய் ஒரு நாளைக்கு நாலு முறை போய்ப் பார்க்கலாம் என்று மகப்பேறு பயன் சட்டத்தின் 2017 திருத்தத்திலேயே வந்துவிட்டது. உங்கள் கம்பெனியில் அது இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். இருந்தால் சில நாள் ஆபீஸ், சில நாள் வீடு, முழுச் சம்பளம் என்று பேரம் பேசிப் பார்த்துவிட்டு, பாதிச் சம்பளத்தைப் பற்றி அப்புறம் யோசிக்கலாம்.